பொழியும் குளமும்: குடும்பத்தோடு தூண்டில் போட வருகிறவர்கள் கேட்டவை

எனக்கு ஊர் குமரி மாவட்டத்துக் கொல்லங்கோட்டுப் பக்கம். மேற்கே போனால் நெய்யாறு கடலில் விழும் பூவார், அது கேரளம். கிழக்கே வந்தால் குழித்துறையாறு கடலில் விழும் தேங்காய்ப்பட்டினம். ஆறு கடலில் விழும் இந்த வாயைத்தான் பொழி என்போம். தை பிறந்தால் அக்கா குடும்பம், மைனி வீட்டார், சித்தப்பா பிள்ளைகள் என்று வீடு நிறையும், எல்லாரையும் தூண்டிலோடு கூட்டிப்போவது என் வேலை. முப்பது வருடமாக இது நடக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பதில்களைச் சொல்கிறேன்.

அண்ணா, நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து பதினொரு பேர் வருகிறோம். மாமா, அத்தை, நான்கு பிள்ளைகள் எல்லாம் சேர்த்தி. கடல் மீன், ஆற்று மீன் இரண்டும் பிடிக்க ஆசை. எந்த மாதம் வரலாம்?

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரை வாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஆறு தெளிந்திருக்கும், கடலும் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அரபிக்கடல் குடும்பத்தோடு போகும் இடமே இல்லை.

நான்கு நாள் தாராளமாகப் போதும். மலையடிக் குளத்திலிருந்து கடற்கரைக்குக் காரில் ஒரு மணி நேரம் சொச்சம்தான். முதல் நாளே கடலுக்கு ஓடாதீர்கள். குளத்தில் ஆரம்பியுங்கள். பிள்ளைகளுக்குத் தூண்டில் வீசிப் பழக வேண்டும், பின்னால் நிற்பவர் கண்ணில் தூண்டில் முள் குத்தாமல் வீசக் கற்க வேண்டும். ஜிலேபிக் கெண்டை மைதா உருண்டைக்கே வரும். முதல் ஒரு மணி நேரத்தில் கையில் ஒரு மீன் துடித்துவிட்டால் அப்புறம் அந்தப் பிள்ளை நான்கு நாளும் சலிக்காமல் உட்காரும்.

பொழியில் நின்று தூண்டில் போட்டால் பெரிய மீன் கிடைக்கும் என்கிறார்களே, பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

மீன் கிடைக்கும் என்பது உண்மை. கொடுவா, செம்பல்லி, பாரை எல்லாம் ஆறும் கடலும் கலக்கும் அந்த வாயில்தான் இரை தேடும். ஆனால் பொழியின் மணல் கெட்டி கிடையாது. ஆற்று நீர் அடியில் மணலை அரித்துக்கொண்டே இருக்கும். முழங்கால் ஆழம் என்று நின்றிருப்பீர்கள், அடுத்த அடி ஆள் ஆழம். நேற்று நின்ற திட்டு இன்று இருக்காது. தேங்காய்ப்பட்டினம் முகத்துவாரத்தில் பிறந்ததிலிருந்து கடலில் கிடப்பவர்களின் வள்ளங்களே கவிழ்ந்திருக்கின்றன.

கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. இங்கே காற்றே இருக்காது, வானம் வெளுத்திருக்கும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை இரண்டு மூன்று நாள் கழித்து நம் கரைக்கு வந்து ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் போனார்கள். கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை விடும். காலையில் அதைப் பார்க்காமல் வீட்டை விட்டு இறங்காதீர்கள்.

ஆகவே நான் செய்வது இதுதான்: பொழியிலிருந்து அரை கிலோமீட்டராவது ஆற்றுக்குள் தள்ளி, கல் கட்டிய கரையாகப் பார்த்து எல்லாரையும் உட்கார வைப்பேன். அங்கேயும் உப்புத் தண்ணீர் ஏறும், அதோடு மீனும் ஏறும். இங்கே ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் ஏறும் நேரத்தில் மீன் நன்றாகக் கடிக்கும்.

கரிமீன் இரையை மட்டும் தின்றுவிட்டுப் போகிறது. முள்ளில் மாட்டவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. கரிமீனுக்கு வாய் சின்னது. கவ்வி இழுக்கிற மீன் இல்லை, கொறிக்கிற மீன். பாசிதான் அதன் முக்கியச் சாப்பாடு. நீங்கள் கெளுத்திக்குப் போடும் முள்ளைப் போட்டால் அது ஓரத்தைச் சுரண்டித் தின்றுவிட்டுப் போய்விடும்.

இருப்பதிலேயே சின்ன முள், மெல்லிய தங்கூஸ் (நைலான் நரம்பு), விரல் நீளத்துக்கு ஒரு லேசான மிதப்பு. இரை பச்சைப்பயறு அளவு மைதா மாவு போதும். அல்லது மண்புழுவில் ஒரு துண்டு, முள் முனை வரை போர்த்தி. கல்லிடுக்கு, பழைய பாலத்தூண், தென்னங்கரை வேர் இந்த மாதிரி இடத்தில் அடியை ஒட்டித் தொங்க விடுங்கள். முதலில் மிதப்பு நடுங்கும். கையை அசைக்காதீர்கள். மறுபடி நடுங்கும். அப்போதும் சும்மா இருங்கள். பிறகு மிதப்பு மெல்லச் சாய்ந்து தண்ணீரில் படுக்கும், அல்லது ஒரு பக்கமாக நகரத் தொடங்கும். மீன் இரையை வாய்க்குள் வாங்கி மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியில் மணிக்கட்டை மட்டும் லேசாகத் தூக்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் உதடு கிழிந்துவிடும்.

என் அக்கா மகள் எட்டு வயதில் இதைப் பிடித்துக்கொண்டாள். அவசரக்காரரான அத்தானுக்கு இன்றுவரை கரிமீன் அகப்படவில்லை, கெளுத்திதான்.

பூவார் பக்கம் கடையில் முள் வாங்கினால் சூண்ட என்று கேளுங்கள், உடனே எடுத்துத் தருவார்கள்.

ஆழ்கடலுக்கு வள்ளத்தில் போக ஆசை. யாரிடம் பேசலாம்?

மீன்பிடி வள்ளம் ஆள் ஏற்றும் வண்டி இல்லை. பணம் கொடுத்தால் ஏற்றிக்கொள்வார்கள் என்று கரையில் போய் நிற்க வேண்டாம். பயணிகளை ஏற்ற உரிமம் உள்ள படகாகப் பார்த்து, எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று எண்ணிவிட்டு ஏறுங்கள். கரை கண்ணுக்குத் தெரியும் தூரம் போதும். வெள்ளை இறகு கட்டிய ஐந்தாறு முள் கோத்த கைத்தூண்டிலை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தால் அயிலை (கானாங்கெளுத்தி) கூட்டமாக மாட்டும். பிள்ளைகளுக்கு அதைவிட வேறு சந்தோஷம் வேண்டாம்.

ஆழ்கடல் வேறு விஷயம். பக்கத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் தூண்டிலாலேயே ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது அந்த ஊர்களிலிருந்து போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அவர்களுக்குத் தெரியாத கடலா?

ஜூனில் லீவு கிடைக்கும். புதுவெள்ளத்தில் ஏறி வரும் மீனை வயலில் பிடிக்கலாம் என்று மச்சான் சொல்கிறார்.

வேண்டாம் தம்பி. தென்மேற்குப் பருவத்தின் முதல் வெள்ளத்தில் ஓடை வழியாக வயலுக்கு ஏறுவது முட்டை சுமந்த மீன். அதைப் பிடித்தால் அடுத்த வருடத்து மீனையும் சேர்த்துப் பிடித்த மாதிரி. கேரளத்தில் இதை ஊத்தபிடித்தம் என்பார்கள், சட்டப்படி குற்றம். குமரியின் மேற்குக் கரையிலும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடலுக்கே ஓய்வு கொடுக்கும் மாதம் அது.

இன்னொன்றும் சொல்கிறேன். குளத்தில் செந்நிறக் குஞ்சுகள் கொத்தாக மேலே வந்து வந்து போவதைப் பார்த்தால் அடியில் தாய் தகப்பன் விரால் காவல் நிற்கிறது. அந்த இடத்தில் ரப்பர் தவளையை வீசினால் கோபத்தில் பாய்ந்து கவ்வும், எளிதாகப் பிடிபடும். அதனால்தான் வீசக் கூடாது. பெரியது போனால் குஞ்சு ஒன்றும் மிஞ்சாது.

பேச்சிப்பாறை, நெய்யாறு அணைகளில் தூண்டில் போடலாமா?

நெய்யாறு அணை வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது, தண்ணீரில் முதலையும் உண்டு. தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுச் சுற்றிப் பார்க்கப் போங்கள். பேச்சிப்பாறையில் மீன்வளத் துறையிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். ஊர்க் குளங்களும் பெரும்பாலும் ஏலம் போனவை. ஏலம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பலரும் சம்மதிப்பார்கள், கேட்காமல் போட்டால் அது திருட்டு.

ஒரே ராடு, ரீலை இரண்டு தண்ணீருக்கும் வைத்துக்கொள்ளலாமா?

ஏழடி நடுத்தர ராடு போதும். கடலில் போட்ட அன்றே நல்ல தண்ணீரில் ரீலைக் கழுவித் துடைத்து நிழலில் காய வையுங்கள்.

மீன் முள் குத்தினால் என்ன செய்வது? எந்த மீனைச் சாப்பிடக் கூடாது?

கெளுத்தி, தேளி, திருக்கை மூன்றையும் பிள்ளைகள் தொடவே கூடாது. என் சித்தப்பா மகனுக்கு ஒருமுறை கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறி, வலியில் அலறிவிட்டான். பொறுக்கும் அளவுக்குச் சூடான தண்ணீரில் கையை முக்கி வைத்தோம், வலி தணிந்தது. சூடு எவ்வளவு என்பதைக் குத்துப்படாத கையால் பாருங்கள். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், முள் உள்ளே ஒடிந்திருக்கலாம். தூண்டிலில் வந்ததும் பந்து போல உப்பும் பேத்தை மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது.

என் மாமியாருக்குத் தூண்டிலில் ஆர்வம் இல்லை. நான்கு நாள் என்ன செய்வார்கள்?

விடியற்காலை கரமடி, அதாவது கரையில் நின்றே இழுக்கும் பெரிய வலை, இழுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள் தங்கச்சி. இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிறு இழுத்து வருவார்கள். மடி கரை ஏறும்போது நெத்தோலியும் சாளையும் (மத்தி) வெள்ளியாகத் துள்ளும். அங்கேயே ஏலம் நடக்கும், பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய திருவிழா. எங்கள் அத்தை ஒருவர் தூண்டிலைத் தொட்டதே இல்லை, ஆனால் வருடா வருடம் முதல் ஆளாகக் கிளம்பி நிற்பார். மதியம் நாங்கள் கரிமீனோடு வீடு திரும்பும்போது அவர் வாங்கி வந்த சாளை தேங்காய் அரைத்த குழம்பில் கொதித்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) வெந்து கிடக்கும்.