பழைய காரின் குரோம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: முன்பம்பரை மறுமுலாம் பூசக் கொடுக்கப் போகிறேன். ஒரு பட்டறையில் நிக்கலும் குரோமும் போதும் என்கிறார்கள்; இன்னொன்றில் செம்பு, நிக்கல், குரோம் என்று மூன்றும் வேண்டும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நாம் குரோம் என்று சொல்லிப் பார்த்து மகிழ்கிற பளபளப்பில் பெரும்பங்கு நிக்கலுடையது. மேலே இருக்கும் குரோமியப் படலம் பெரும்பாலும் கால் மைக்ரானிலிருந்து அரை மைக்ரான் வரைதான் இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்கு அடியிலுள்ள நிக்கலோ, நல்ல வேலையாக இருந்தால், 20 முதல் 40 மைக்ரான் வரை தடிமன் கொண்டிருக்கும். நிக்கல் மஞ்சளித்து மங்காமலும் எளிதில் கீறல் விழாமலும் காப்பதும், அந்த இளநீலச் சாயலைத் தருவதும்தான் குரோமியத்தின் வேலை. அந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளும் வெடிப்புகளும் உண்டு என்பதால், எஃகைத் துருவிலிருந்து உண்மையில் காப்பது நிக்கல்தான்.

செம்பு இல்லாமலும் எஃகின் மேல் நிக்கல் நன்றாகவே பிடிக்கும். புதிய, வழுவழுப்பான தகட்டுக்குப் பல தொழிற்சாலைகள் அப்படித்தான் செய்தன. ஆனால் உங்களுடையது பல ஆண்டுகள் துருவைப் பார்த்த தகடு. செம்பு மென்மையானது, தடிமனாக ஏற்றிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பஃப் போட்டால் (சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்றினால்) சிறு குழிகளும் அரத்தின் கோடுகளும் நிரவி மறையும். ஆகவே மூன்று அடுக்கு சொன்னவர் பக்கமே நான் இருப்பேன். அவரிடமும் இன்னொரு கேள்வி கேளுங்கள்: நிக்கல் ஒற்றை அடுக்கா, இரட்டை அடுக்கா? இரட்டை அடுக்கில் கீழே கந்தகம் கலவாத அரைப்பளபளப்பு நிக்கலும் மேலே கந்தகம் சிறிதளவு கலந்த பளபளப்பு நிக்கலும் இருக்கும். மேலடுக்கு முதலில் அரிபடும் இயல்புடையது என்பதால், அரிப்பு நேர்க்கீழாக எஃகைத் துளைக்காமல் பக்கவாட்டில் பரவிக் காலம் கடத்துகிறது.

கேள்வி: பம்பரில் ஒரு நெளிவும் சில துருக்குழிகளும் உள்ளன. பட்டி (பெயிண்ட் அடிக்கும் முன் பள்ளம் நிரப்பப் பூசும் பசை) வைத்துச் சமன் செய்து கொடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. பட்டியில் மின்சாரம் பாயாது. மின்சாரம் பாயாத இடத்தில் முலாம் ஏறாது. பெயிண்ட் பட்டியை மறைக்கும், குரோம் எதையும் மறைக்காது. இருக்கிற குறையை இரு மடங்காக்கிக் காட்டும். நெளிவைச் சுத்தியலும் தாங்குகட்டையும் கொண்டு தட்டி எடுக்க வேண்டும், ஓட்டையை வெல்டிங்கில் அடைத்து அராவ வேண்டும், குழிகளைத் தேய்த்தோ செம்பால் நிரப்பியோ சமன் செய்ய வேண்டும்.

தேய்த்து முடித்த பம்பரை நிக்கல் தொட்டிக்கு அனுப்பும் முன் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். குழல் விளக்கின் கீழே அதைப் பிடித்து மெல்லத் திருப்பினால், விளக்கின் பிம்பம் வெள்ளைக் கோடாக அதன் நீளத்துக்கு ஓடும். அந்தக் கோடு எங்கே நடுங்குகிறதோ அங்கே மேடு அல்லது பள்ளம் இருக்கிறது. அதைத் திருத்த அதுவே கடைசி வாய்ப்பு. அதற்கும் முன்பே, தட்டி நிமிர்த்திய பம்பரை வண்டியில் மாட்டி, இரு பக்கமும் இடைவெளி சரியாக அமைகிறதா என்று பார்த்துவிடுங்கள்; முலாம் பூசிய பிறகு வளைத்தால் முலாம் வெடிக்கும்.

கேள்வி: கதவுக் கைப்பிடிகளிலும் பின்பக்கச் சின்னத்திலும் சிறு சிறு கொப்புளங்கள். பம்பரை ஏற்றுக்கொண்ட பட்டறை இவற்றைத் தொட மறுக்கிறது. ஏன்?

பதில்: மறுத்தது நேர்மையான செயல், அந்தப் பட்டறைக்கு நன்றி சொல்லுங்கள். இந்தப் பாகங்கள் எஃகு அல்ல, துத்தநாகக் கலவையில் வார்த்தவை. கொப்புளத்தை ஊசியால் குத்தினால் செந்துரு வராமல் வெண்பொடி உதிர்வதே அடையாளம். முலாமின் நுண்துளை வழியே ஈரம் இறங்கி, உள்ளே துத்தநாகம் அரிபட்டு, அதன் உப்பு இடம் போதாமல் முலாமை மேலே தள்ளுகிறது. ஆகவே வெளியே கடுகளவு தெரியும் கொப்புளத்துக்குக் கீழே மிளகளவு பள்ளம் இருக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

எஃகுக்குப் பழகிய முறைகள் இதற்கு ஆகா. பழைய குரோமை நீக்கப் பயன்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் துத்தநாகத்தையே தின்றுவிடும். அமிலச் செம்புத் தொட்டியில் நேரடியாக இறக்கினாலும், பாகம் அரிபட்டு, ஒட்டாத செம்புப் பொடிதான் படியும். எனவே முதலில் சயனைடு செம்புத் தொட்டியில் ஒரு மெல்லிய படலம் ஏற்றியாக வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு பள்ளத்தையும் சிறு துரப்பணத்தால் தோண்டி, வெண்பொடி முழுவதையும் எடுத்து, பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். பிறகு அமிலச் செம்பு, தேய்ப்பு, மறுபடி செம்பு, மறுபடி தேய்ப்பு என்று பள்ளம் மட்டமாகும்வரை போகும். ஆழமான பள்ளங்களைச் செம்புப் படலத்தின் மேல் பற்றாசு (உருக்கி ஒட்டும் ஈயக் கலவை, சால்டர்) கொண்டு நிரப்புவார்கள். துத்தநாகக் கலவை 380 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே உருகத் தொடங்கிவிடும். வெள்ளீயமும் காரீயமும் 63-க்கு 37 என்று கலந்த பற்றாசு 183 டிகிரியிலேயே உருகுவதால்தான் இது கைகூடுகிறது. ஒரு கைப்பிடிக்குப் பம்பரைவிட அதிகக் கூலி கேட்டால் அதில் வியப்பில்லை.

சின்னத்தைப் பொறுத்தவரை தனியாக எச்சரிக்கிறேன். ஆரம்ப காலத்தில் அவசரப்பட்டு நான் கொடுத்த ஒரு சின்னம் கண்ணாடி போலத் திரும்பி வந்தது. எழுத்துகளைத்தான் விரலால் தடவித் தேட வேண்டியிருந்தது. பஃப் சக்கரம் கூர்முனைகளை முதலில் தின்னும். எழுத்து ஆழம் குறைந்த சின்னம் என்றால், மெருகு சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, கையால் தேயுங்கள் என்று எழுதியே கொடுங்கள். மிகப் பழைய வார்ப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: காரீயம் போன்ற கலப்படம் இருந்தால் உலோகத்தின் நுண்படிக மணிகளுக்கிடையே அரிப்பு ஓடி, பாகம் உப்பி, வெடித்து, பிஸ்கட் போல் உடையும். அதற்கு முலாமால் மருந்தில்லை. வேறு பாகம் தேடுவதுதான் வழி.

கேள்வி: 1924-ஆம் ஆண்டுக் கார் ஒன்றைச் சீரமைக்கிறேன். ரேடியேட்டர் உறைக்கு நல்ல குரோம் போடலாமா?

பதில்: போட்டால் தவறாகிவிடும். கார்களுக்குக் குரோம் வந்தது 1920-களின் பிற்பகுதியில்தான். உங்கள் வண்டிக்கு உரியது நிக்கல். அதன் இளமஞ்சள் சாயலும், அவ்வப்போது துடைத்து மெருகேற்ற வேண்டிய தொல்லையும் அந்தக் காலத்தின் பகுதிதான்.

கேள்வி: பக்கவாட்டு அலங்காரப் பட்டைகளில் காந்தம் ஒட்டுகிறது. அப்படியானால் எஃகு என்று வைத்துக் குரோமுக்குக் கொடுக்கலாமா?

பதில்: பொறுங்கள். துருப்பிடிக்காத எஃகிலும் காந்தம் ஒட்டும் வகைகள் உண்டு. கார்ப் பட்டைகளுக்குப் பெரிதும் பயன்பட்ட 430 ரகம் அப்படிப்பட்டதே. பட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே துரு இல்லையென்றால், நெளிவு எடுத்து மெருகேற்றினாலே போதும், முலாமே வேண்டாம்.

கேள்வி: முகப்பு விளக்கின் உட்கிண்ணம் மங்கிவிட்டது. பம்பரோடு சேர்த்து அதையும் குரோமுக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்: கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், சாலையில் வெளிச்சம் குறையும். குரோமியம் தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். வெள்ளி 90 சதவீதத்துக்கு மேல் அனுப்பும், அலுமினியமும் அதற்கு அருகில் வரும். வெள்ளி முலாம் கறுக்கக்கூடியது என்பதால், வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவிடும் அலுமினியப் பூச்சையே நான் தேர்ந்தெடுப்பேன். விளக்கின் வெளி வளையத்துக்குத் தாராளமாகக் குரோம் போடுங்கள்.

கேள்வி: எஞ்சின் பகுதி அழகாக இருக்க, சுருள்வில்களுக்கும் ஸ்டீயரிங் இணைப்புகளுக்கும் குரோம் போட நினைக்கிறேன்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். அமிலத்தில் கழுவும்போதும் முலாம் ஏறும்போதும் பிறக்கும் ஹைட்ரஜன் கடின எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்குகிறது. முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 200 டிகிரியில் பல மணி நேரம் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றும் முறை உண்டு. அலங்கார வேலை செய்யும் எல்லாப் பட்டறைகளும் அதைச் செய்வதில்லை. பாரம் தாங்குகிற, உயிரைத் தாங்குகிற எந்தப் பாகத்துக்கும் பெயிண்ட் போதும்.

கேள்வி: வீட்டிலேயே செய்யும் குரோம் தொகுப்புகள் கிடைக்கின்றனவே?

பதில்: வழக்கமான குரோமிக் அமிலத் தொட்டியில் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் ஒரு வேதி நிலை, ஹெக்ஸாவேலன்ட்), அது புற்றுநோய் தரும் என்பது உறுதிப்பட்ட செய்தி, முலாம் ஏறும்போது தொட்டியிலிருந்து எழும் நுண்திவலையை மூச்சில் வாங்குவதே பெரிய ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதி பெறாமல் அதைப் பயன்படுத்த முடியாது. இன்னொரு நிலையான மூவிணைதிறன் குரோமியம் ஆபத்து குறைந்தது, ஆனால் அதன் நிறம் சற்று வேறுபடக்கூடும். ஒரு பம்பர் இந்தத் தொட்டியிலும் மறு பம்பர் அந்தத் தொட்டியிலும் செய்யப்பட்டால் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். எந்த முறையானாலும் பட்டறையிலேயே செய்யுங்கள், எல்லாப் பாகங்களையும் ஒரே இடத்தில் கொடுங்கள், கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் படமெடுத்து எண்ணி எழுதி வையுங்கள்.

கேள்வி: முலாம் பூசிய பாகங்கள் வந்துவிட்டன. மாட்டும் முன் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, மரைகளில் முலாம் ஏறியிருக்கும். போல்டை முறுக்கி ஏற்றாமல், உரிய மரைவெட்டியைக் கையால் ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். இரண்டாவதுதான் பலரும் மறப்பது. முலாம் விளிம்புகளில் தடித்தும் குழிவுகளில் மெலிந்தும் படியும்; பம்பரின் உட்புறம் ஒரு பெரிய குழிவு. அங்கே பல இடங்களில் பெயருக்குத்தான் முலாம் இருக்கும். உட்புறத்தைக் கழுவி, உலர்த்தி, சொரசொரப்பாக்கி, துரு தடுக்கும் பிரைமரும் அதன் மேல் பெயிண்ட்டும் அடித்த பிறகு மாட்டுங்கள். வெளிப்புறத்துக்கு மெழுகு போதும். அது நுண்துளைகளுக்குள் ஈரம் இறங்காமல் தடுக்கும். பின்னாளில் துருப்புள்ளி தோன்றினால், கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்து மெல்லத் தேயுங்கள்: அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது என்பதால் புள்ளி போகும், கீறல் விழாது. தேய்த்த இடத்தைக் கழுவி உலர்த்தி அன்றே மெழுகிடாவிட்டால், அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே புள்ளி திரும்ப வரும்.