செம்பூர் வீட்டுக்கு எந்தத் தகரக் கூரை?

கேள்வி: மும்பை செம்பூரில் எங்களுக்குச் சொந்தமாகப் பழைய வீடு. மொட்டைமாடி அறைக்குத் தகரக் கூரை போட்டு எட்டு வருஷம்தான் ஆகிறது. ஸ்க்ரூவைச் சுற்றித் துரு, இரண்டு மழைக்காலமாக ஒழுகல். மாற்றலாம் என்று கடைக்குப் போனால் ஜிஐ, கால்வால்யூம், கலர் ஷீட், பஃப் பேனல் என்று அடுக்குகிறார்கள். எதை வாங்குவது? அந்த அறையில் அம்மா இருக்கிறார். சூடும் மழைச் சத்தமும் குறைந்தால் நல்லது.

பதில்: துரு ஸ்க்ரூவைச் சுற்றித்தான் இருக்கிறது என்றால் ஷீட் மீது பழி போட அவசரப்படாதீர்கள். தகரக் கூரை நடுவில் ஓட்டை விழுந்து கெடுவது அபூர்வம். ஸ்க்ரூ, வெட்டிய விளிம்பு, ஷீட்டின் மேல் ஷீட் ஏறும் இடம், இந்த மூன்றில்தான் கெடுதல் ஆரம்பிக்கும். அங்கே கவனிக்காமல் எவ்வளவு விலையுள்ள ஷீட் போட்டாலும் இதே கதைதான்.

முதலில் ஷீட். கலர் ஷீட் என்பது தனி உலோகம் இல்லை, ஜிஐ அல்லது கால்வால்யூம் மேல் அடித்த பெயின்ட். அதனால் பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஜிஐயில் இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு மட்டும். கால்வால்யூம் பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், சுமார் 43 சதவீதம் துத்தநாகம், மிச்சம் சிலிக்கான். மும்பையின் உப்புக் காற்றுக்கு இதுதான் தாங்கும். ஏஇசட் 150 என்று கேட்டு வாங்குங்கள்: ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு. ஏஇசட் 70 மலிவாகக் கிடைக்கும், உங்களுக்கு வேண்டாம். கனம் 0.5 மி.மீ. இருக்கட்டும். கடைக்காரர் சொல்லும் கனம் பெயின்ட்டையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.

சூடு, சத்தம் இரண்டுக்கும் பஃப் பேனல்தான் நேரான வழி. இரண்டு ஷீட்டுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை இருக்கும். ஒரே அறை, அதிலும் பெரியவர் இருக்கும் அறை என்பதால் 50 மி.மீ. பேனலுக்குச் செலவு செய்யலாம் என்பேன். முடியாவிட்டால் வெள்ளை நிற ஷீட் போட்டு, கீழே இடைவெளி விட்டு ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) வைத்த ஃபால்ஸ் சீலிங். பளபளப்பான ஃபாயில் ஒட்டினால் போதும் என்பார்கள். பளபளக்கும் பக்கத்தில் காற்று இடைவெளி இல்லாவிட்டால் அதில் பெரிய பலன் கிடையாது.

அப்புறம் வேலை. ஸ்க்ரூ நல்ல துருத்தடுப்புப் பூச்சோடு, இபிடிஎம் என்ற வெயில் தாங்கும் ரப்பர் வாஷரோடு இருக்க வேண்டும். மழைத் தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அடிக்காமல் மேட்டில் அடிக்கச் சொல்லுங்கள். வாஷர் லேசாக உப்பியதும் நிறுத்த வேண்டும். இறுக்கித் தள்ளினால் ரப்பர் பிதுங்கிச் சீக்கிரம் வெடித்துவிடும். ஷீட்டைக் கிரைண்டரில் வெட்டவே விடாதீர்கள். பறக்கும் நெருப்புப்பொறி பெயின்ட்டில் பதிந்து சில நாளிலேயே துருப்புள்ளியாகும், விளிம்புப் பூச்சும் கருகும். தகரக் கத்திரியோ, தகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து வெட்டும் நிப்ளரோ போதும். துளையிட்ட இரும்புத் தூளை அன்றன்றைக்கே பெருக்கித் தள்ள வேண்டும்.

சிலிக்கான் சீலண்ட் வாங்கும்போது வினிகர் வாசனை அடிக்கும் ரகத்தைத் தவிருங்கள். அதிலிருந்து வெளிவரும் அமிலம் பூச்சை அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று போட்டிருப்பதே சரி. ஏசியின் செம்புக் குழாயைத் தொட்டு வரும் தண்ணீர் கூரையில் சொட்டினாலும் அந்த இடம் அரித்துப் போகும். குழாய் வைத்து வெளியே விடுங்கள்.

காற்றையும் மறக்கக் கூடாது. இந்தியத் தர நிர்ணயம் கட்டடங்களை வடிவமைக்க மும்பைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 44 மீட்டர், அதாவது மணிக்கு 158 கி.மீ. 2021 மே மாதம் டவ்தே புயல் கடந்து போனபோது மும்பை பார்த்ததே போதும். காற்று முதலில் தூக்குவது கூரை ஓரத்தை. அங்கேயும் மூலைகளிலும் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ வேண்டும். ஷீட்டைத் தாங்கும் பர்லின் கம்பியும் சுவரோடு போல்ட் போட்டு இறுகியிருக்க வேண்டும்.

மணிக்கு 100 மி.மீ. மழை பெய்தால் 30 சதுர மீட்டர் கூரையிலிருந்து ஒரு மணி நேரத்தில் 3,000 லிட்டர் இறங்கும். ரெயின் பைப் ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள், ஒன்றை இலை அடைத்தாலும் சமாளிக்கலாம்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. அக்டோபர் முதல் மே வரை உப்பும் தூசியும் படிந்துகொண்டே இருக்கும். மேற்பரப்பை மழை கழுவிவிடும், கூரை ஓரத்தின் அடிப்பக்கத்தைக் கழுவாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே வெறும் தண்ணீர் அடியுங்கள், ஆசிட் கூடாது. வெடித்த வாஷர் கண்ணில் பட்டால் மேலே சீலண்ட் பூசி மறைக்காமல், ஒரு சுற்றுப் பருமனான ஸ்க்ரூவாக மாற்றுங்கள். மும்பை முழுக்கப் பார்க்கும் அந்த நீலத் தார்ப்பாயை மழை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். அதன் அடியில் தேங்கும் ஈரம் நல்ல ஷீட்டையும் தின்றுவிடும்.

வார்டு அலுவலகத்தில் அனுமதி வேண்டுமா என்று கேட்டுவிட்டு, மே நடுவுக்குள் வேலையை முடியுங்கள். கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். கீழ் ஓரத்தில் தொடங்கி மெதுவாக மேலே போனால்தான் எந்த இணைப்பில் ஒழுகுகிறது என்று தெரியும்.