கர்நாடகத்துச் சன்னபட்டண மரப் பொம்மையின் சாயம் குழந்தையின் வாயில் கரையுமா?

சரியாகச் செய்ததில் கரையாது. அது பெயின்ட் அல்ல, அரக்கு; அரக்குப் பூச்சிகள் மரக்கிளையில் சுரக்கும் பிசின். சில மாத்திரை, மிட்டாய்களின் பளபளப்பும் அதிலிருந்து வருவதே.

கடைசல் எந்திரத்தில் சுழலும் மரத்தில் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். சூடு கொட்டையைத் தரையில் தேய்த்தால் சுடுமே, அதே உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி ஒட்டிக்கொள்ளும். பிறகு தாழை ஓலையால் மெருகேற்றுவார்கள். எச்சில் தண்ணீர்தானே, அரக்கைக் கரைக்காது. சாராயம் (ஆல்கஹால்) கரைக்கும். அதனால் ஆல்கஹால் கலந்த சானிடைசர் வேண்டாம். வெந்நீரும் வேண்டாம்; அரக்கு இளகி வெளுத்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாங்கும்போதும் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் வேண்டாம்.

மரம் பெரும்பாலும் வெட்பாலை. வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே மீண்டும் துளிர்க்கும். ஈரம் காயாமல் கடைந்தால் பொம்மை பிற்பாடு விரிசல் விடும், சிம்பும் கிளம்பும்.

"இயற்கைச் சாயம்தானே, எந்த வயதுக்கும் கொடுக்கலாம்" என்பது தவறு: மூன்று வயதுக்குள் தொண்டையை அடைப்பது பொம்மையின் அளவு, சாயமல்ல, 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதாக அடங்கும் துண்டு எதுவும் அந்த வயதுக்கு ஆகாது.