டாக்டர் வேலையிலிருந்து நிறுவன ஆலோசனைக்கு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: வயது 43. தனியார் மருத்துவமனையில் பொது மருத்துவ நிபுணர். ஐந்து வருடமாகத் துறைத் தலைவர் பொறுப்பும் என் தலையில்தான். நோயாளியைப் பார்ப்பதைவிட, நல்ல ஆட்கள் சேர்ந்தும் ஒரு துறை ஏன் சரியாக ஓடுவதில்லை என்று பார்ப்பதுதான் இப்போது பிடிக்கிறது. தலைமைத்துவப் பயிற்சி, நிறுவன மேம்பாட்டு ஆலோசனை என்று இறங்கலாமா?
— டாக்டர், பாயான் பாரு

பதில்: இறங்கலாம். ஆனால் நீங்கள் ஒரே மூச்சில் சொன்னது இரண்டு தொழில். பயிற்சி என்பது இருபது பேரை ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லித் தருவது. நிறுவன மேம்பாட்டில் ஒரு துறை முழுவதுமே உங்கள் நோயாளி. அதிலும் பணம் கொடுப்பவர் ஒருவர், வலிப்பது வேறொருவருக்கு. பலர் முதலாவதைக் கற்றுக்கொண்டு இரண்டாவதன் பெயரில் பில் போடுகிறார்கள்.

எம்.ஐ.டி. பேராசிரியராக இருந்த எட்கர் ஷைன் ஆலோசகர்களை மூன்று விதமாகப் பிரித்தார். கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகும் நிபுணர் ஒருவர். நோய் கண்டு மருந்து எழுதும் ‘டாக்டர்’ இன்னொருவர். வாடிக்கையாளரோடு உட்கார்ந்து, அவர்களே கோளாறைக் கண்டு சரிசெய்யத் துணை நிற்பவர் மூன்றாமவர். தொழில் மாறும் மருத்துவர்கள் விழுகிற குழி அந்த இரண்டாவது. வார்டில் நீங்கள் பத்து மணிக்கு எழுதினால் பதினொன்றுக்குள் தாதி மருந்தைக் கொடுத்துவிடுவார். நிறுவனத்தில் எழுதிக் கொடுத்த மருந்தை ஊட்ட ஆளில்லை. அறிக்கை அலமாரிக்குப் போகும். நோயறியும் கண் உங்களுக்கு உதவும். மருந்துச் சீட்டு எழுதத் துடிக்கும் கையைத்தான் கட்டிப்போட வேண்டும்.

ஓர் உதாரணம். வீட்டுக்குப் போகலாம் என்று காலையில் சொன்ன நோயாளி மாலை நான்கு மணிக்கும் கட்டிலிலேயே இருக்கிறார். குடும்பத்தார் வார்டில் சத்தம் போடுகிறார்கள். நிர்வாகம் உங்களை அழைத்து, “தாதிகளுக்குப் பேச்சுத்தொடர்புப் பயிற்சி கொடுங்கள்” என்கிறது. உடனே சரி என்று சொல்லாதீர்கள். இருபது டிஸ்சார்ஜுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நேரத்தைக் குறியுங்கள்: நிபுணர் கையெழுத்திட்ட நேரம், மருந்தகம் மருந்தை அனுப்பிய நேரம், பில் முடிந்த நேரம், காப்புறுதி நிறுவனத்தின் இறுதி உத்தரவாதக் கடிதம் (ஜி.எல்.) வந்த நேரம், நோயாளி வெளியேறிய நேரம். பெரும்பாலும் இரண்டு இடத்தில் ஓட்டை தெரியும். நிபுணர் காலைக் கிளினிக்கை முடித்துவிட்டு ஒரு மணிக்குத்தான் ரவுண்ட்ஸ் வருகிறார். அல்லது பில் மூன்று மணிக்குப் போவதால் ஜி.எல். ஐந்துக்கு வருகிறது. தாதிகள் எவ்வளவு இனிமையாகப் பேசப் பழகினாலும் ஜி.எல். சீக்கிரம் வராது.

இதைக் கண்டதும் “ரவுண்ட்ஸை எட்டு மணிக்கு மாற்றுங்கள்” என்று நீங்கள் சொல்லிவிட்டால் பழைய டாக்டர்தான். அந்த ஐந்து நேரங்களையும் ஒரே தாளில் போட்டு, வார்டு சிஸ்டர், மருந்தகம், பில்லிங், நிபுணர் நால்வரும் இருக்கும் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். முதல் பத்து நிமிடம் சங்கடமாகத்தான் இருக்கும். பிறகு பில்லிங் பிரிவே, “முதல் நாள் மாலையே உத்தேசப் பில்லைத் தயார் செய்துவிடலாமே” என்று சொல்லும். அவர்கள் வாயிலிருந்து வந்தது நடக்கும்.

நம் மலேசியத் தனியார் மருத்துவமனைகளில் இன்னொரு முடிச்சும் உண்டு. அங்கே நிபுணர்களில் பெரும்பாலோர் ஊழியர்கள் அல்லர், ஒப்பந்த அடிப்படையில் தனித்து இயங்குபவர்கள். தலைமை நிர்வாகி அவர்களுக்கு உத்தரவு போட முடியாது. மருத்துவ, பல் மருத்துவ ஆலோசனைக் குழு வழியாகவும் சக நிபுணர்களின் மரியாதை வழியாகவும்தான் எதையும் நகர்த்த முடியும். வெளியிலிருந்து வரும் ஆலோசகருக்கு இது பிடிபட ஒரு வருடம் ஆகும். உங்களுக்குக் கைவந்த சங்கதி. சந்தையில் உங்கள் விலையே அதுதான்.

முதல் வேலைக்கு இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். என்ன பிரச்சினை, யார் வாடிக்கையாளர், யாரோடெல்லாம் பேசுவீர்கள், அவர்கள் சொன்னது யாருக்குப் போகும், யாருக்குப் போகாது, எப்போது முடியும். கடைசிக்கு முந்தினதை எழுதாமல் விட்டால், மூன்றாம் வாரம் நிர்வாகி, “அதைச் சொன்னது யார்?” என்று கேட்பார்.

நேர்காணலுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், ஆளுக்கு 45 நிமிடம். நிர்வாகியின் அறையில் வைக்காதீர்கள். “டாக்டர்” என்று அறிமுகம் ஆனால் அட்டெண்டன்ட் அக்கா எழுந்து நின்று, “எல்லாம் நல்லாத்தான் போகுது டாக்டர்” என்பார், அதோடு சரி. பேன்ட்ரியில் உட்கார்ந்து, “நேத்து ஷிஃப்ட்டுல எந்த நேரம் ரொம்பச் சிரமமா இருந்துச்சு?” என்று ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கருத்துக் கணிப்பு நடத்தினால், ஐந்து பேருக்குக் குறைவான பிரிவின் முடிவைத் தனியாகக் காட்டாதீர்கள். யார் எழுதியது என்று அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: ஆலோசனைத் தொழிலுக்குப் போனபின் மருத்துவ மன்றப் பதிவை விட்டுவிடலாமா? வருடாவருடம் புள்ளி சேர்ப்பது தொல்லையாக இருக்கிறது.
— வாசகர், செராஸ்

பதில்: முதல் மூன்று வருடமாவது விடாதீர்கள். ஏ.பி.சி. எனும் வருடாந்திர மருத்துவத் தொழில் சான்றிதழ் டிசம்பர் 31-இல் காலாவதியாகும். டிசம்பர் 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டும், 20 சி.பி.டி. (தொடர் மருத்துவக் கல்வி) புள்ளிகளும் தொழில்முறை இழப்பீட்டுக் காப்புறுதியும் கையில் இருக்க வேண்டும். வாரம் ஒரு நாள் லோக்கம் (வேறொரு டாக்டருக்குப் பதிலாக வேலை) பார்ப்பதாக இருந்தால் அந்தக் கிளினிக்கும் ஏ.பி.சி.யில் பணியிடமாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்; பலர் கோட்டை விடும் இடம் இது. சிகிச்சையை முழுதாக நிறுத்தும் நாளில், உங்கள் காப்புறுதி எந்த வகை என்று கேளுங்கள். வழக்கு தொடரப்படும் காலத்தில் பாலிசி உயிரோடு இருந்தால்தான் பணம் என்ற வகையாக இருந்தால், பழைய நோயாளி பிற்பாடு வழக்குப் போடும்போது நீங்கள் தனியாக நிற்க வேண்டியிருக்கும். அதற்கென்று பின்தொடர் காப்பு தனியாக வாங்க வேண்டும்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் இருக்கும் என் கணவர் வேலையை விட்டுவிட்டு ஆலோசகராகப் போகிறேன் என்கிறார். வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் இருவரும் இடைநிலைப் பள்ளியில். எவ்வளவு பணம் கையில் இருந்தால் சம்மதிக்கலாம்?
— இல்லத்தரசி, கெப்போங்

பதில்: நியாயமான பயம்தான், அம்மா. முதலில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். அவர் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தால் ‘ராஜினாமா’ வேறு, ‘விருப்ப ஓய்வு’ வேறு. ராஜினாமா செய்தால் ஓய்வூதியம் போய்விடும். விருப்ப ஓய்வுக்கு 40 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு ஆறு மாதம்தான் பாக்கி என்றால் அந்த ஆறு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கையிருப்பு: பன்னிரண்டு மாத வீட்டுச் செலவு, கடன் தவணையையும் சேர்த்து. வேலை கிடைக்காது என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை, பணம் தாமதமாக வரும். பெரிய நிறுவனங்கள் பில் கிடைத்து 60 நாள், 90 நாள் எடுத்துக்கொள்ளும். கையெழுத்தாகும்போதே 40 விழுக்காடு முன்பணம் கேட்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படுவார், டாக்டர்களுக்குப் பில் எழுத எப்போதும் வேறொருவர் இருந்திருப்பார்.

வரியும் மாறும். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் இருக்காது. வரித் துறையிடமிருந்து சி.பி.500 என்று தவணைக் கடிதம் வரும், இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஆறு தவணை. சம்பளக்காரர்களுக்கான பி.இ. வரிப் பாரத்துக்குப் பதில் தொழில் செய்வோருக்கான பி பாரம், கடைசி நாள் ஜூன் 30. வருகிற ஒவ்வொரு காசோலையிலும் கால்வாசியை வேறு கணக்கில் போட்டுவிட்டால் அந்தக் கடிதம் வரும் நாளில் வயிற்றைக் கலக்காது. முதலாளி பங்கு இல்லாத இ.பி.எஃப். (ஊழியர் சேம நிதி) கணக்கில் தானாகவே போட்டு வரலாம்.

கேள்வி: எச்.ஆர்.டி. கார்ப் (மனிதவள மேம்பாட்டுக் கழகம்) லெவியிலிருந்து ஆலோசனைக் கட்டணத்தை வாங்க முடியுமா?
— பயிற்றுநர், பட்டர்வொர்த்

பதில்: பயிற்சிக்கு வாங்கலாம். பத்து அல்லது அதற்கு மேல் மலேசிய ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை லெவியாகக் கட்டுகின்றன. பயிற்சி தொடங்கும் முன்பே நிறுவனம் மானியத்துக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். முடிந்தபின் விண்ணப்பித்தால் கிடைக்காது. லெவி ஊழியர்களுக்கானது என்பதால் மேலே சொன்ன ஒப்பந்த நிபுணர்களுக்கு அதில் இடமில்லை. அவர்களுக்கான நிகழ்ச்சிக்கு மருத்துவமனை தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதை விலை சொல்லும்போதே பேசிவிடுங்கள். நேர்காணல் நாட்களைப் ‘பயிற்சி நாள்’ என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். தணிக்கையில் மாட்டுவது உங்கள் கையெழுத்து.

கேள்வி: கட்டாயச் சேவையில் இருக்கும் இளம் டாக்டர் நான். இப்போதே கோச்சிங் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வெளியேறலாமா?
— கோலாலம்பூர்

பதில்: சேவையை முடியுங்கள். கல்விக் கடன் ஒப்பந்தம் இருந்தால் அதையும் படித்துப் பாருங்கள். சான்றிதழ் ஓடிவிடாது. சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் முதல் நிலையான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர கோச்சிங்கும் வேண்டும். அதில் 75 மணி கட்டணம் பெற்றுச் செய்ததாக இருக்க வேண்டும். அடுத்த நிலையான பி.சி.சி.க்கு 125 மணி பயிற்சி, 500 மணி கோச்சிங். ஒரு துறையைக்கூட நடத்தாதவருக்கு அந்த 75 மணிக்குக் காசு கொடுப்பவர் யார்?

நடுவழி ஒன்று இருக்கிறது. தொழில்சார் சுகாதார மருத்துவராகப் பதிவு செய்துகொண்டால், பாயான் லெப்பாஸ், ஷா ஆலம் மாதிரி இடங்களில் தொழிற்சாலைக்குள் நுழைய முடியும். காது பரிசோதனைக்கு வரும் ஆப்பரேட்டரிடமிருந்து, சூப்பர்வைசர் யார், ஓவர்டைம் எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதெல்லாம் தானாக வரும்.

ஓர் எச்சரிக்கை. பெயரட்டையில் ‘கவுன்சிலர்’ என்று போடாதீர்கள். 1998-ஆம் ஆண்டு கவுன்சிலர் (உளவள ஆலோசகர்) சட்டப்படி பதிவு பெற்றவர்கள் மட்டுமே அப்படிப் போட்டுக்கொள்ளலாம். கோச்சிங்கில் எதிரே இருப்பவர் மூன்று வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அன்றைய அமர்வை அங்கேயே நிறுத்தி, வேறொரு டாக்டரிடம் அனுப்புங்கள். நீங்களே மருந்து எழுதிவிடாதீர்கள்.