வாசகர் கேள்விகள்: இலவசப் பாட்டுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

கேள்வி: எங்கள் வீட்டில் முகப்பில் உட்கார்ந்தால்தான் சிக்னல் கிடைக்கும், இரண்டாம் கட்டுக்குப் போனால் ஒன்றும் வராது. அதனால் அப்பத்தாவின் போனில் ஓர் ஆப் வழியாக நிறையப் பாட்டு டவுன்லோடு செய்து வைத்திருந்தேன். சந்தா முடிந்த மறுநாள் ஒரு பாட்டும் பாடவில்லை. இறக்கி வைத்த பாட்டு எப்படிப் போகும்? (கானாடுகாத்தான் வாசகி)

பதில்: போகத்தான் செய்யும். அந்த ஆப்பில் 'டவுன்லோடு' பொத்தானை அழுத்தினால் பாட்டு போனுக்குள் வருவது உண்மை, இடத்தை அடைப்பதும் உண்மை. ஆனால் பூட்டிய பெட்டியாக வருகிறது, சாவி கம்பெனியிடம் இருக்கிறது. ஆப் அவ்வப்போது இன்டர்நெட்டில் போய் 'சந்தா இருக்கிறதா' என்று பார்த்துக்கொள்ளும், இல்லையென்றால் பெட்டி திறக்காது. கம்பெனியே கடையை மூடினாலும் அதே கதிதான். ஏர்டெல் 2014இல் தொடங்கிய விங்க் மியூசிக்கை 2024இல் மூடினார்கள், அந்த ஆப்புக்குள் சேர்த்து வைத்ததெல்லாம் அதோடு போயிற்று.

பாட்டு உங்களுடையதா என்று பார்க்க ஒரு சின்ன சோதனை இருக்கிறது. அதை மெமரி கார்டில் போட்டு வேறொரு போனில் செருகுங்கள், நெட்டை அணைத்துவிட்டுப் போடுங்கள். பாடினால் உங்களுடையது. அப்பத்தாவுக்கு நான் சொல்வது, வீட்டில் காசு கொடுத்து வாங்கிய பழைய சிடி கிடந்தால் கணினியில் போட்டு எம்பி3 ஆக்கி, அவர் கேட்பதற்கென்று போனில் ஏற்றிக் கொடுங்கள். இரண்டாம் கட்டிலும் பாடும்.

கேள்வி: 'பாட்டு முழுக்க இலவசம், சட்டப்படியானது, விளம்பரம் மட்டும் வரும்' என்று ஒரு தளம் சொல்கிறது. நம்பலாமா? எங்கள் ஊர் மொபைல் கடையில் மெமரி கார்டில் ஏற்றித் தருவதும் இதுவும் ஒன்றுதானே? (தேவகோட்டை வாசகர்)

பதில்: ஒன்றில்லை. கடையில் நீங்கள் கொடுக்கும் காசு கடைக்காரரோடு நின்றுவிடும், பாட்டு எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் யாருக்கும் ஒரு பைசா போகாது. முறையான விளம்பரச் சேவையில் உங்களுக்குப் பதிலாக விளம்பரம் கொடுப்பவர் காசு கட்டுகிறார், அதில் ஒரு பங்கு பாட்டின் உரிமையாளர்களுக்குப் போகிறது. நம் நாட்டில் 2012இல் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தைத் திருத்தி, உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று ஆக்கினார்கள். இது எனக்கு ரொம்பவே முக்கியமாகப் படுகிற விஷயம், அதனால்தான் கள்ளப் பாட்டு வேண்டாம் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் யோசனை புதிதும் இல்லை. 2007 செப்டம்பரில் அமெரிக்காவில் ஸ்பைரல்ஃபிராக் என்று ஒரு தளம் இதையேதான் செய்தது. யுனிவர்சல் மியூசிக் போன்ற பெரிய கம்பெனியோடு முறையாக ஒப்பந்தம் போட்டு, விளம்பரத்தைப் பார்த்தால் பாட்டை இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் அதிலும் பூட்டு. ஐபாடில் ஓடாது, சிடியில் பதிய முடியாது, பாட்டு தொடர்ந்து பாட வேண்டுமென்றால் அவ்வப்போது தளத்துக்குள் போய் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். விளம்பர வருமானம் கட்டுப்படியாகாமல் 2009 மார்ச்சில் மூடிவிட்டார்கள். அப்புறம் விளம்பரத்தோடு இலவசம் என்பது, இறக்குவதை விட்டுவிட்டு நெட்டில் ஓடவிட்டுக் கேட்பதாக மாறிப்போனது. 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபையில்கூட இலவசக் கணக்கில் பாட்டு கேட்கலாம், இறக்கி வைக்க முடியாது.

விளம்பரம் இருக்கிறதே என்று மட்டும் எந்தத் தளத்தையும் நம்பிவிடாதீர்கள், கள்ளத் தளத்திலும்தான் பக்கத்துக்குப் பத்து விளம்பரம் வருகிறது. என் கணக்கு எளிது. புதுப்படப் பாட்டு, இலவசம், பூட்டில்லாத எம்பி3, இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்து கிடைத்தால் அது திருட்டு. உண்மையிலேயே சட்டப்படி இறக்கி வைத்துக்கொள்ள ஜமெண்டோ, ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ் போன்ற தளங்கள் இருக்கின்றன, கலைஞர்களே 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வைத்த இசை அது. நம் சினிமாப் பாட்டு அங்கே இருக்காது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஐயா காலத்து இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறையப் பரணில் இருக்கின்றன. 60 ஆண்டு ஆனால் உரிமை போய்விடும் என்கிறார்கள். டிஜிட்டலாக்கி எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அவ்வளவு சந்தோஷம். ஆனால் கொஞ்சம் நிதானம் வேண்டும். இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. 1960இல் வந்த தட்டு என்றால் 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது, சரி. ஆனால் அந்தப் பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் தனித்தனி உரிமை உண்டு, அவை எழுதியவரும் இசையமைத்தவரும் காலமான ஆண்டிலிருந்து 60 ஆண்டு ஓடும். பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர் கண்ணதாசன் காலமானது 1981இல், ஆகவே அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை உரிமை இருக்கிறது. தட்டு எவ்வளவு பழசானாலும் அதை ஊருக்கெல்லாம் விநியோகிக்க முடியாது.

பாரதி பாட்டென்றால் வரிக்குத் தடையே இல்லை, மெட்டுப் போட்டவரை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வரிகள் நம் கைக்கு வந்ததில் உங்கள் ஊர்க்காரருக்கும் பங்கு உண்டு. காரைக்குடியில் இசைத்தட்டு விற்கத் தொடங்கி, சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று இசைத்தட்டே தயாரித்த ஏவி.எம். மெய்யப்பன், பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை விலைக்கு வாங்கி வைத்திருந்தார். 1949இல் அரசு பாரதியின் உரிமைகளை எடுத்துக்கொண்டபோது பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். உங்கள் பெட்டியில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தட்டுகூட இருக்கலாம், பாருங்கள். தேவாரம், திருப்புகழ், பழைய நாதஸ்வரத் தட்டு கிடைத்தால் அதில்தான் முதலில் கை வையுங்கள்.

தட்டைத் துடைக்க ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம், நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய '78' தட்டு அரக்கில் செய்தது, ஸ்பிரிட் பட்டால் கரையும். மெல்லிய ஈரத்துணி போதும், நடுவிலுள்ள லேபிளில் தண்ணீர் படக் கூடாது. பின்னால் வந்த பிளாஸ்டிக் எல்.பி. தட்டுக்கான ஊசியில் ஓட்டாதீர்கள், 78க்கென்று பருத்த ஊசி தனியாகக் கிடைக்கும். பதிவு செய்வதற்கு முன்னால் ஒவ்வொரு தட்டின் லேபிளையும், எண் தெரிகிற மாதிரி, வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், எதை வெளியிடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.