வாவியில் பிடித்த பேத்தை மீன் தொட்டியில் இரை எடுக்கவில்லை. என்ன செய்வது?

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் பிடித்த பச்சைப் புள்ளிப் பேத்தை (பயந்தால் உடம்பைப் பந்துபோல ஊதிக்கொள்ளும் மீன்), கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியில் வயிறு கறுத்து ஒதுங்கிக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளை வயிறு கறுப்பது மன உளைச்சலுக்கு அடையாளம். முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்.

மட்டக்களப்பு வாவி உவர்நீர். மாரியில் உப்புக் குறையும், கோடையில் ஏறும். அந்த மாற்றத்தை இந்த மீன் தாங்கும். காலமெல்லாம் நன்னீரில் கிடந்தால்தான் நலிந்துபோகும். மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் கடலுப்புக் கலவையை வாங்குங்கள். கறியுப்பு வேண்டவே வேண்டாம். உப்புமானியில் (உப்பை அறியத் தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் கருவி) 1.005 முதல் 1.010 வரை காட்டட்டும். ஆனால் பல வாரங்களாக மெல்ல ஏற்றுங்கள். அவசரப்பட்டால் மீன் கழிவின் அமோனியாவைச் சிதைக்கும், வடிகட்டியில் உள்ள நல்ல பக்டீரியாக்கள் மடிந்து அமோனியா கூடும். செதிலில்லாத இந்த உடம்புக்கு அது நஞ்சு.

அடுத்தது பல். நான்கு பற்கள் கிளியின் அலகைப் போல ஒட்டி, ஓயாமல் வளரும். மென்மையான தீனியை மட்டுமே போட்டால் பல் நீண்டு வாயே திறக்காது. ஓட்டோடு சிறு நத்தை, நண்டுக்கால், தோலுடன் இறால் கொடுங்கள். ஓடு நொறுங்கும் சத்தம் கண்ணாடிக்கு வெளியிலும் கேட்கும்!

ஒரு தொட்டிக்கு ஒன்றே போதும், கூட இருப்பவற்றின் செட்டையைக் கடித்துவிடும். வளர்ந்தால் நூறு லீற்றருக்குக் குறையாத தொட்டி தேவை. பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பதற்காக வெளியே தூக்கி ஊதவைக்காதீர்கள். உள்ளே காற்று சிக்கினால் செத்துவிடும்.