ஜிம்ப்பில் வட்டம் வரையும் கருவி ஏன் இல்லை?

வணக்கம். ஜிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளின் 3.0 பதிப்பில் ஒரு புகைப்படத்தின் மேல் சிவப்பு வட்டம் போட அரை மணி நேரம் தேடியதாகவும், பெயின்ட்டில்கூட இருக்கும் வட்டக் கருவி இதில் ஏன் இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் வேலையை முடித்துவிடலாம். புதிய லேயர் (படத்தின் மேல் விரிக்கும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு) ஒன்றைச் சேர்த்து, முன்னணி நிறமாகச் சிவப்பை வைத்துக்கொள்ளுங்கள். நீள்வட்டத் தேர்வுக் கருவியை எடுத்து, இழுக்கத் தொடங்கிய பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்தினால் சரியான வட்டம் கிடைக்கும். முன்பே அழுத்தினால் அது வேறு வேலை செய்யும். பிறகு எடிட் பட்டியலில் ஸ்ட்ரோக் செலக்‌ஷனைச் சொடுக்கித் தடிமனைக் கொடுங்கள்.

இது சுற்றுவழிதான், மறுக்கவில்லை. ஜிம்ப் 1995-இல் இரு கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டம். இன்றும் பெரும்பாலும் தன்னார்வலர்களால் நடப்பது. சம்பளம் கொடுத்து இதை அடுத்த மாதத்துக்குள் முடி என்று சொல்ல அங்கே மேலாளர் இல்லை. நிரல் எழுதத் தெரிந்தவருக்கோ அந்தச் சுற்றுவழி எப்போதோ கைப்பழக்கமாகிவிட்டதால், குறை அவர் கண்ணில் படுவதே இல்லை. மேலும், வரைந்த வட்டத்தைப் பின்னர் நகர்த்தவும் திருத்தவும் வேண்டுமென்றால், புள்ளிகளாகப் படத்தைச் சேமிக்கும் மென்பொருளுக்குள் வடிவங்களைக் கணிதக் கோடுகளாகச் சேமிக்கும் வெக்டர் லேயர் என்ற அடித்தளத்தையே முதலில் கட்டியாக வேண்டியிருந்தது. அரைகுறையாக ஒன்றைச் சேர்த்தால் அதன் பிழைகளையும் அதே சிலர்தான் பல ஆண்டுகள் சுமக்க வேண்டும். 2018-இல் வந்த 2.10 பதிப்புக்குப் பிறகு 3.0 வெளிவர 2025 மார்ச் ஆனது. அந்த உழைப்பில் பெரும் பங்கு, பயனர் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஜிடிகே 3 (பொத்தான், பட்டியல் போன்றவற்றைக் காட்டும் நிரல் தொகுப்பு) மாற்றத்துக்குப் போயிற்று.

அடிக்கடி அம்புக்குறியும் வட்டமும் போடுபவர் என்றால், இன்க்ஸ்கேப் என்ற வெக்டர் வரைகலை மென்பொருளில் படத்தைத் திறந்து வரையுங்கள். அங்கே வட்டக் கருவி நேராகவே இருக்கிறது.